தட்டில் என்ன மிச்சம் வைத்தீர்கள்?

பெரில் ஓல்ட்ராய்டின் கண் முதலில் போவது ஷூவுக்குத்தான். மாலை ஐந்து மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்த தம்பதி, "இந்த ஊர்ல சாப்பிட நல்ல இடம் எது?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள், அந்த அம்மாளின் இடது கால் ஷூவில் கயிறு தளர்த்தப்பட்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"பேராலயக் கோபுரம் ஏறினீங்களா, கண்ணு?"

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"இருநூத்தி எழுபத்தஞ்சு படி. முட்டி இப்ப உங்களத் திட்டிக்கிட்டிருக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் உங்கள அனுப்ப மாட்டேன். கோட்டை வாசல் தாண்டினதும் இடது கைப்பக்கம் மூணாவது கதவு. உள்ள இருட்டா இருக்கும், பயப்படாதீங்க. உங்களுக்கு ஆட்டுக்கறி. இவருக்குக் காளான் போட்டது."

"இவர் கறி சாப்பிட மாட்டார்னு நாங்க சொல்லவே இல்லையே?"

"காலையில பன்றிக்கறிய உங்க தட்டுக்குத் தள்ளிவிட்டாரே, அத நான் பாக்காமலா? இன்னொண்ணு. சிப்ஸ் கடைப்பக்கமே போயிடாதீங்க. எங்க ஊர்ல உருளைக்கிழங்க மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்போம். எண்ணெயில பொரிக்கிறதெல்லாம் லண்டன்காரங்க பழக்கம்."

அவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். பெரில் சிரிக்கவில்லை. அவருக்கு இது சிரிப்புக் காரியம் இல்லை.

யார்க் நகரத்துக் கோட்டை மதிலுக்கு வெளியே, ஐந்து அறைகள் கொண்ட தங்கும் விடுதி அவருடையது. படுக்கையும் காலை உணவும் மட்டும். வாரத்தில் மூன்று நாள் அங்கே படுக்கை விரிப்பு மாற்றுகிறவள் நான். பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிலுக்கு வயது அறுபத்தெட்டு. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பழைய வீட்டு நிலைப்படிகளில் குனிந்து குனிந்து, இப்போது திறந்த வெளியில் நடக்கும்போதும் தலை சற்று முன்னால் சாய்ந்தே இருக்கும். கழுத்தில் எப்போதும் கண்ணாடி தொங்கும். போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் தங்குகிறவர் யாராக இருந்தாலும், தொண்ணூறு வயது நீதிபதியாக இருந்தாலும், அவருக்கு "கண்ணு"தான்.

ராத்திரிச் சாப்பாடு பெரில் போடுவதில்லை. ஆனால் தன் வீட்டில் தங்கியவர் வெளியே போய் மோசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தால், தானே விஷம் வைத்துவிட்டதுபோல் துடித்துப்போவார். "என் கூரைக்குக் கீழ தூங்கறவங்க வயித்துக்கு நான்தான் பொறுப்பு" என்பார்.

அதற்காக அவர் செய்வதைக் கேளுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து மேசை துடைத்ததும், மழையோ பனியோ, ஒரு பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடப்பார். எந்த உணவு விடுதியின் முன்வாசலுக்கும் போகமாட்டார். சந்துகளில் புகுந்து பின்பக்கம் போவார். எங்கள் ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள் அவை. அங்கேதான் பத்து மணிக்குச் சாமான் வண்டிகள் வரும். மண் ஒட்டிய கிழங்கு மூட்டை இறங்குகிறதா, தோல் சீவி நறுக்கிய கிழங்கு பிளாஸ்டிக் பையில் இறங்குகிறதா என்று பார்ப்பார். எலும்பு வேகும் வாசனை வருகிறதா என்று நின்று மூக்கை உயர்த்துவார். சமையற்காரர்கள் அவரைக் கண்டதும் சிகரெட்டை அணைப்பார்கள்.

"என்ன பெரில், சோதனையா?"

"இல்ல கண்ணு, நடக்கிறேன். நேத்து இறங்கின பட்டாணி டப்பாவிலேந்து வந்ததுதானே?"

"நேத்து ஒருநாள்தான்!"

"அப்ப என் ஆளுங்களும் ஒருநாள் வேற எடத்துக்குப் போவாங்க."

இதெல்லாம் பாதிதான். மறுபாதி, மறுநாள் காலை முட்டை பரிமாறும்போது நடக்கும். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சொல்லுக்குத் தடை உண்டு: "அருமை."

இந்த நாட்டு மக்களோடு இத்தனை வருடம் வாழ்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். இவர்கள் போருக்குப் போவார்கள், பனிமலை ஏறுவார்கள். ஆனால் பரிமாறுகிறவர் வந்து, "எல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று கேட்டால், செருப்புத் தோல் மாதிரி வெந்த இறைச்சியை மென்றுகொண்டே "அருமை, நன்றி" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையைச் சொல்வதைவிட அதை விழுங்குவது இவர்களுக்குச் சுலபம். பிறகு வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கடைக்கு மறுபடி போகவே மாட்டார்கள். கடைக்காரருக்குக் கடைசி வரைக்கும் காரணம் தெரியாது.

அதனால் பெரில், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதே இல்லை. தேநீர்க் கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "தட்டில என்ன மிச்சம் வச்சீங்க?" என்று கேட்பார். போன வசந்தத்தில் தெற்கே கெண்ட் மாவட்டத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

"மிச்சமா? அப்படி ஒண்ணும்... எல்லாம் அருமை."

"அந்தச் சொல்லு இங்க கிடையாது, கண்ணு. கேரட்டா?"

"கேரட் சாப்பிட்டேன்."

"அப்ப கறி."

அவர் கழுத்திலிருந்து மேலே சிவந்தார். "ஒரு துண்டு. முட்டைக்கோசுக்கு அடியில வச்சுட்டேன்."

"எத்தன துண்டு?"

"நாலு" என்றார் தலைமை ஆசிரியர், பிரம்படிக்குக் கை நீட்டும் பையனின் குரலில். பெரில் அவருக்கு இன்னொரு முட்டை வைத்தார். அவர் முந்தின ராத்திரி சாப்பிட்ட உணவு விடுதியின் பெயர் மூன்று மாதம் பெரிலின் வாயிலிருந்து வரவில்லை.

இப்படிப்பட்டவர், தெருக்கோடியில் இருந்த ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும் இரண்டு குளிர்காலமாக வாயே திறக்கவில்லை.

நெவில் ஆம்ப்ளரின் கடை அது. ஆற்றுக்கு இறங்கும் சந்தில், ஒன்பது மேசை. மாட்டுக்கறியும் வெங்காயமும் மாவு ஓட்டுக்குள் அடைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டம், பிசைந்த கிழங்கு, மேலே கறிச்சாறு. வேறு பெரிதாக ஒன்றும் இருக்காது. நெவில் குள்ளமானவர். அடுப்புக்குப் பின்னால் அவர் தொப்பி மட்டும்தான் தெரியும். அவர் மனைவி லொரெய்ன் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைப்பாள்; பைக்கு உப்பும் மிளகும் அவள் எழுதி வைத்த அளவுதான். ஒரு காலத்தில் பெரில் வீட்டு விருந்தாளிகளில் பாதிப் பேர் அங்கேதான் போவார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், பெரிலின் கணவர் கென் இறந்தபோது ஊஸ் ஆறு கரை மீறி இருந்தது. சவ அடக்கத்துக்கு வந்த எண்பது பேருக்கும் எதைக் கொடுப்பது? யாரும் கேட்காமலே, தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வெள்ளத்தில் இறங்கி, தலைக்கு மேல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார் நெவில். தண்ணீர் அவருக்கு இடுப்பளவு. நான்கு தடவை போய் வந்தார். ஒரு சாண்ட்விச்சின் ஓரம்கூட நனையவில்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதருக்குப் பெரில் என்ன கைம்மாறு செய்தாலும் தீருமா?

அப்புறம், இரண்டு வருடத்துக்கு முன்னால், லொரெய்ன் போய்ச் சேர்ந்தாள். நெவிலும் காய்ச்சலில் படுத்தார்; கடை இரண்டு வாரம் மூடியிருந்து திறந்தது. பெரில் முதல் ஆளாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, சமையலறைக் குழாயடியில் நின்று மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார். அன்று மாலை ஒரு குடும்பம் பை சாப்பிட ஆசை என்று கேட்டபோது, ஊருக்கு அந்தக் கோடியில் இருந்த ஒரு கடையைச் சொன்னார்.

அந்தக் கடையின் கதையை ஊருக்கு முதலில் சொன்னவை வாத்துகள்தான். ஆற்றங்கரையில் திரியும் அந்தப் பெரிய சாம்பல் வாத்துகள், மதியச் சாப்பாடு முடியும் நேரத்துக்கு நெவில் கடைச் சந்தின் முனையில் வந்து வரிசையாக நிற்க ஆரம்பித்தன. ஏன் தெரியுமா? சாப்பிட வந்தவர்கள் நெவிலின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, தின்ன முடியாத பையைக் காகிதத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் ஒளித்துவைத்து, தட்டைக் காலியாகக் காட்டிவிட்டு, வெளியே வந்து வாத்துகளுக்குப் போட்டார்கள். அவை இரண்டு கொத்து கொத்திவிட்டு நேரே ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க ஓடின.

இந்த அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெரில் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு நெவில் உள்ளே வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"பெரில், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன் ஆளுங்கள ஏன் என்கிட்ட அனுப்பறதில்ல?"

பெரில் கெண்டியைத் துடைத்துக்கொண்டே, "கூட்டமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"கூட்டமா? நேத்து மதியம் ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவரு." நெவில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "எனக்குப் புரியவே இல்ல. ஒருத்தர் விடாம அருமைனுதான் சொல்றாங்க. தட்டும் காலியாத்தான் வருது. ஆனா யாரும் ரெண்டாவது தடவ வரதில்ல. திங்கட்கிழமை கட்டடச் சொந்தக்காரருக்குப் பதில் சொல்லணும், வாடகைக்கு இன்னும் அஞ்சு வருஷம் வேணுமா வேண்டாமான்னு. கடை என்ன கடை, போனாப் போகுது. லொரெய்ன் நின்ன வாசல் அது, பெரில். என்ன தப்புன்னு தெரிஞ்சா சரிபண்ணுவேன். தப்பே இல்லன்னா எதச் சரிபண்றது?"

"சந்துக்குள்ள இருக்கிறதால இருக்கும்" என்றார் பெரில்.

ஐந்து அறை விருந்தாளிகளைப் பொய் சொல்ல விடாதவர் பொய் சொன்னதை அன்றுதான் கேட்டேன். நெவில் தலையாட்டிவிட்டுப் போனார். கதவு மூடியதும் பெரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷத்துல அங்க பதினோரு தடவ சாப்பிட்டிருக்கேன், கண்ணு. பதினோரு தடவயும் அவன் வந்து கேட்டான். பதினோரு தடவயும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். "என்ன சொன்னீங்க?"

"அருமைன்னேன்." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "வெள்ளத்துல தட்டத் தூக்கிட்டு வந்தவன்கிட்ட எப்படிச் சொல்றது, உப்புக் கரிச்சு வாயில வைக்க முடியலன்னு? சொல்லாம சொல்லாம அவன் கடைய நாங்கதான் மூடறோம். ஊரே சேந்து, மரியாதையா, நன்றி சொல்லி மூடறோம்."

வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நீ பேச வேணாம். நான் எழுந்து ஓடினா கதவ மறிச்சுக்க, போதும்."

கடையில் வேறு யாரும் இல்லை. நெவில் பையைக் கொண்டுவந்து வைத்தார். மேலோடு பொன்னிறம், ஓரத்தில் பின்னல் போட்டிருந்தது. அப்படி ஓர் அழகு. பெரில் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாயும் சாப்பிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நெவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசை அருகே நின்றார்.

"எல்லாம் நல்லா இருக்கா, பெரில்?"

அந்த நிமிடத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பெரிலின் உதடுகள் அந்தச் சொல்லுக்காகவே குவிந்துவிட்டன. அறுபத்தெட்டு வருடப் பழக்கம் அல்லவா?

"இல்ல" என்றார் பெரில்.

நெவில் சரியாகக் கேட்காதவர்போல் குனிந்தார்.

"இல்ல, நெவில். நல்லா இல்ல. உப்பு. ரெண்டு வருஷமா உப்பு. யாரும் சாப்பிடல. பைய கைப்பையில ஒளிச்சு எடுத்துட்டுப் போய் வாத்துக்குப் போடறாங்க. வாத்தும் சாப்பிடல."

நெவிலின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. "என்ன பேசற? லொரெய்ன் எழுதி வச்ச அளவு அது!" மேசையிலிருந்து முள்கரண்டியை எடுத்துப் பெரிலின் தட்டிலிருந்தே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்றார். "சரியாத்தான் இருக்கு. என்னையக் கேட்டா, கொஞ்சம் சப்புன்னு இருக்கு."

பெரில் அவரையே பார்த்தார். கோபமாகப் பேச வந்தவரின் முகம் மாறியது. ஏதோ ஒன்று அவருக்கு அந்தக் கணத்தில் உறைத்துவிட்டது.

"ஒக்காரு, நெவில். ஒரு டீ குடி. பால் கொண்டா."

நெவில் முதுகைக் காட்டிப் பால் எடுக்கப் போனார். எங்களுக்கு வைத்திருந்த கெண்டியிலிருந்து பெரில் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினார். மேசைமேல் இருந்த உப்புக் குப்பியின் மூடியைத் திருகினார். ஒரு கை உப்பு இருக்கும். அத்தனையும் கோப்பைக்குள் போனது. கலக்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நெவில் வந்து பாலை விட்டுக்கொண்டார். ஊதினார். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. பாதிக் கோப்பை காலியாயிற்று. முகம் சுளிப்பார், துப்புவார் என்று காத்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும்தான் கண்ணில் நீர் முட்டியது.

"டீ எப்படி?" என்று கேட்டார் பெரில்.

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

பெரில் உப்புக் குப்பியை எடுத்து மேசையின் நடுவே கவிழ்த்தார். ஒரு பரல்கூட விழவில்லை.

நெவில் குப்பியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். விரலைத் தேநீரில் விட்டு நாக்கில் வைத்தார்; மறுபடியும் வைத்தார். அடுப்படியில் நாற்பது வருடம் நின்ற மனிதர் அப்படி விரலை வைத்து வைத்துப் பார்த்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவ போன மாசத்துலேந்துதான்" என்றார் அவர். "எதச் சாப்பிட்டாலும் காகித அட்டைய மெல்றாப்பல இருந்துச்சு. துக்கம்னு நெனச்சேன், பெரில். பொண்டாட்டி போனா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். யார்கிட்டப் போய் இதக் கேக்கிறது? அவ கைமணம் நாக்குக்குத் திரும்பற வரைக்கும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போட்டேன்."

"துக்கம் இல்ல, மடையா. அந்த மாசம் பத்து நாள் காய்ச்சல்ல கெடந்தியே. அது உன் நாக்கக் கொண்டுபோயிருக்கு."

"திரும்பி வருமா?"

"டாக்டர்கிட்ட போவோம். வரலாம். வராமலும் போகலாம்."

நெவில் எழுந்தார். "நாக்கு இல்லாத சமையல்காரன். கட்டடச் சொந்தக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன், திங்கட்கிழமை."

"வேணும்னு சொல்லு" என்றார் பெரில்.

அதைக் கெஞ்சலாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. எந்தக் கதவு, இடது கைப்பக்கமா வலது கைப்பக்கமா என்று விருந்தாளிக்கு வழி சொல்கிற குரலில் சொன்னார். "மாவு உன் கையில இருக்கு. பின்னல் உன் கையில இருக்கு. கறி எத்தன மணி நேரம் வேகணும்னு உன் காதுக்கே தெரியும். இல்லாதது ஒண்ணே ஒண்ணு. அது என்கிட்ட இருக்கு. பத்து மணிக்கு எப்படியும் சந்து சந்தாத்தானே அலையறேன்? பதினொண்ணுக்கு ருசி பாக்க இங்க வரேன்."

"தினமுமா?"

"நான் அருமைனு சொன்னா என்னைய நம்பாத. வேற எது சொன்னாலும் நம்பு."

நெவில் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சத்தத்தில் வந்தது.

பெரில் எழுந்து, யாரையும் கேட்காமல், தலையைக் குனிந்து சமையலறைக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம். அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில், நெவில் உப்பு வைத்திருக்கும் பெரிய பீங்கான் ஜாடி இருந்தது. பெரில் அதை இரண்டு கையாலும் தூக்கினார். குதிகாலை உயர்த்தி, பாத்திர அடுக்குகளையெல்லாம் தாண்டி, கூரையை ஒட்டியிருந்த பலகையின்மேல் வைத்து, விரல் நுனியால் உள்ளே தள்ளினார். அவ்வளவு உயரத்துக்கு அவர் ஒருவரால்தான் எட்டும்.

நெவில் நிமிர்ந்து அந்த ஜாடியைப் பார்த்தார். அப்புறம் மூலையைப் பார்த்தார். உயரமான அடுக்கில் எதையாவது எடுக்க அவர் ஏறி நிற்கும் மர ஸ்டூல் அங்கே கிடந்தது. மெல்லப் போய் அதை எடுத்துவந்தார். ஏறி ஜாடியை எடுக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் ஏறவில்லை. ஸ்டூலை அடுப்பின் முன்னால் கொண்டுவந்து போட்டு, ஏப்ரன் நுனியால் அதன் மேல் படிந்திருந்த மாவைத் துடைத்து, பெரில் உட்காருவதற்காக நகர்ந்து நின்றார்.